பயணத்தில் கைத்தையல் தடுமாறும்போது: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

1977 முதல் ஓடிவரும் வைகை விரைவு வண்டி காலையில் மதுரையை விட்டுப் பிற்பகலில் சென்னை எழும்பூரை அடைகிறது. பயணம் முழுவதும் பகல் வெளிச்சத்திலேயே முடிந்துவிடுவதால், கைத்தையல் வேலையை உடன் கொண்டு செல்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி அமைவது அரிது. அந்த வண்டியிலும், இரவு வண்டிகளிலும், பேருந்துகளிலும் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தும், ரவிக்கைக்குக் கொக்கி வைத்தும், தலையணை உறைகளில் பூவேலை செய்தும் பல ஆண்டுகள் கழித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகப் புலப்பட்டது ஒன்று உண்டு: வழியில் முளைக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை, புறப்படுவதற்கு முந்தைய நாள் வீட்டில் செய்யாமல் விட்ட வேலையிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், இருக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய திருத்தத்தோடு, அடுத்த பயணத்துக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

அறிகுறி: நூல் ஓயாமல் சிக்கு விழுகிறது

முதலில் நூலின் நீளத்தைப் பாருங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான ஒரு முழம், அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர், கைத்தையலுக்கு உரிய அளவு. பயணத்தில் அடிக்கடி நூல் கோக்க வேண்டியிருக்குமே என்று அஞ்சி இரண்டு முழம், மூன்று முழம் வெட்டிக்கொள்பவர்கள், கோக்கும் நேரத்தை மிச்சம் பிடித்துச் சிக்கெடுக்கும் நேரத்தில் அதைவிட அதிகமாக இழக்கிறார்கள். மேலும் நீண்ட நூல் ஊசிக்காதின் வழியாகவும் துணியின் வழியாகவும் பல முறை உராய்ந்து, கடைசிப் பகுதிக்கு வரும்போது பஞ்சு பிரிந்து நைந்துபோய்விடும்.

நீளம் சரியாக இருந்தும் சிக்கு விழுந்தால், முறுக்கே காரணம். ஊசியைக் குத்தி இழுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் அதை நமக்குத் தெரியாமலேயே சற்று உருட்டுகின்றன. அந்த உருட்டல் நூலில் முறுக்காகச் சேர்ந்து, போதிய அளவு சேர்ந்ததும் நூல் தன்மேல் தானே சுருண்டு கண்ணி போடுகிறது. குலுங்கும் இருக்கையில் ஊசியை இறுகப் பிடிப்பதால் உருட்டலும் கூடுகிறது. பத்துப் பன்னிரண்டு தையலுக்கு ஒரு முறை துணியைச் சற்று உயர்த்தி, ஊசியைத் தொங்கவிடுங்கள். அது தானாகச் சுழன்று முறுக்கை அவிழ்த்துக்கொண்டு நிற்கும். பேருந்தில் இதைச் செய்ய வேண்டாம், ஒரு திடீர்ப் பிரேக்கில் ஊசி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அங்கே ஊசியைத் துணியில் குத்தி வைத்து, நூலை மட்டும் மேலிருந்து கீழாக விரல்களால் நீவிவிடுவது பாதுகாப்பானது.

இரட்டை நூலில் தைக்கும்போது இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடுவது நம் வழக்கம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நுனிக்கும் தனித்தனி முடிச்சுப் போட்டால், இரண்டு இழைகளும் தத்தம் முறுக்கைத் தனியே விடுவித்துக்கொள்ளும், சிக்கு பெருமளவு குறையும். பருத்தித் தையல்நூலைத் தேன்மெழுகுக் கட்டியின் மீது ஒரு முறை இழுத்து, விரல்களுக்கிடையே அழுத்தி உருவிக்கொள்வதும் நல்லது. பூவேலைக்கான நூலுக்கு மட்டும் மெழுகு கூடாது, அதன் பளபளப்பு மங்கிவிடும். அந்த நூல் ஆறு இழைகள் சேர்ந்தது. இரண்டு இழை தேவையென்றால் இரண்டையும் ஒன்றாகப் பிரிக்காமல், ஓர் இழையைத் தனியே மேல்நோக்கி உருவி, அடுத்ததையும் அப்படியே உருவி, பிறகு இரண்டையும் சேர்த்துக் கோக்க வேண்டும். இந்தப் பிரிக்கும் வேலையை வீட்டிலேயே முடித்து, பிரித்த இழைகளை ஓர் அட்டையின் துளைகளில் தொங்கவிட்டுக் கொண்டுபோனால், ஜன்னல் காற்றிலும் மின்விசிறிக் காற்றிலும் இழைகளோடு போராட நேராது.

அறிகுறி: தைத்த ஓரம் சுருங்கி நிற்கிறது

ஃபால்ஸ் தைப்பவர்கள் அதிகமாகச் சொல்லும் குறை இதுதான். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் காரணம் வேறு. தைத்து எடுத்த உடனே சுருக்கம் தெரிந்தால், நூலை இறுக்கி இழுத்திருக்கிறீர்கள். தைத்தபோது சமமாக இருந்து, முதல் சலவைக்குப் பிறகு சுருங்கினால், ஃபால்ஸ் துணியை நனைத்துக் காயவைக்காமலேயே தைத்திருக்கிறீர்கள். பருத்தி ஃபால்ஸ் தண்ணீர் பட்டதும் சுருங்கும், சேலை அந்த அளவுக்குச் சுருங்காது. எனவே நீளமான துணி குட்டையான பட்டையோடு பிணைக்கப்பட்டுக் கரை முழுவதும் அலை அலையாக நிற்கும். இந்த இரண்டாவது வகையைத் தையலைப் பிரிக்காமல் சரிசெய்ய வழியே இல்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே ஃபால்ஸை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுவது ஒன்றே தடுப்பு.

முதல் வகைக்கு இருக்கையிலேயே வைத்தியம் உண்டு. தைத்த ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் இரு கைகளாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். துணி விறைப்பதற்கு முன்னால் நூல் விறைத்தால் நூல் குறைவாக இருக்கிறது என்று பொருள். நூலை இன்னும் முடிச்சிடவில்லையென்றால், தையலின் தொடக்கத்திலிருந்து ஊசி இருக்கும் திசையை நோக்கிக் கட்டைவிரலால் ஓரத்தை நீவிக்கொண்டே வாருங்கள். இறுகிய நூல் பரவிச் சமமாகும், ஊசிப் பக்கத்தில் சிறிது நூல் உள்ளே போகும், அது போகட்டும். ஏற்கெனவே முடிச்சிட்டிருந்தால், சாணுக்கு ஓர் இடத்தில் நூலை மட்டும் கவனமாக வெட்டி, ஓரத்தைத் தட்டையாக்கி, வெட்டிய இடங்களில் புதிய நூலால் இரண்டு விரற்கடை நீளத்துக்கு மேலே தைத்துவிடலாம். முழுவதையும் பிரிப்பதைவிட இது எளிது, வெளியில் தெரியவும் தெரியாது.

ரயிலில் மட்டும் ஏன் இப்படி இறுகுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் தரையில் அமர்ந்து தைக்கும்போது துணியின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலிலோ முழங்காலுக்கு அடியிலோ பிடித்து விறைப்பாக வைத்துக்கொள்கிறோம். இருக்கையில் அந்த வசதி இல்லை. தளர்ந்து கிடக்கும் துணியில் குத்தி இழுத்தால், துணி நூலோடு சேர்ந்து குவிகிறது. துணியின் தொடக்க முனையை ஓர் ஊக்கினால் கைப்பையின் வாரோடு பிணைத்துவிட்டால் பை மூன்றாவது கையாகிவிடும், இடது கையால் துணியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளலாம். சேலை முழுவதையும் மடியில் பரப்பாமல், சுருட்டி ஒரு சாண் மட்டும் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்து, தைத்த பகுதியை மறுபக்கம் சுருட்டிக்கொண்டே போவது துணிக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் நல்லது. சேலையின் ஓரிரு இழைகளை மட்டும் ஊசி முனையில் எடுக்க வேண்டும் என்ற விதி ஓடும் வண்டியில் மிகவும் கடினமாவதால், முன்னாளே ஃபால்ஸை மேலோட்டமான ஓட்டுத் தையலால் சேலையோடு இணைத்துவிடுங்கள். குண்டூசி குத்திக் கொண்டுபோனால் பாதி வழியில் கழன்று விழும்.

பட்டுச் சேலையைப் பயண வேலையாக எடுத்துச் செல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காபி வாளியோடு நடைபாதையில் வருபவர் ஒரு குலுங்கலில் தடுமாறினால், பிறகு எந்த வழிமுறையும் உதவாது.

அறிகுறி: குனிந்து தைக்கத் தொடங்கியதும் தலைசுற்றலும் குமட்டலும்

கண் அருகில் அசையாமல் இருக்கும் துணியைப் பார்த்து அசைவு இல்லை என்கிறது, உட்காதில் உள்ள சமநிலை உறுப்போ உடல் அசைகிறது என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிப்படுகிறது. உடனே ஊசியை நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தொலைவில் உள்ள மரத்தையோ தொடுவானத்தையோ சில நிமிடங்கள் பாருங்கள். பிறகு மீண்டும் தொடங்கும்போது, வேலையை மடியிலிருந்து மார்பு உயரத்துக்கு உயர்த்திக்கொண்டால் தலை குனிவது குறையும், கழுத்து வலியும் குறையும். வண்டி செல்லும் திசையை நோக்கிய இருக்கை உதவும். அப்படியும் தீராதவர்கள் வண்டி ஓடும்போது கைவேலையை விட்டுவிட்டு, நிலையத்தில் காத்திருக்கும் நேரத்துக்கு அதை வைத்துக்கொள்வதே முறை. மலைப்பாதைப் பேருந்தில் யாருமே முயல வேண்டாம்.

அறிகுறி: ஊசியில் நூல் கோக்க முடியவில்லை

ஊசியை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஊசிக்காது அச்சால் குத்தி உருவாக்கப்படுவதால், ஒரு பக்கம் சற்று வழவழப்பாகவும் மறுபக்கம் சற்றுக் கரடாகவும் இருக்கலாம். நூலைப் புதிதாகச் சாய்வாக வெட்டி, ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கோத்துப் பாருங்கள். தகட்டில் மெல்லிய கம்பி பொருத்திய நூல் கோக்கும் கருவி சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இவற்றைவிடச் சிறந்தது, வீட்டிலிருந்தே எட்டுப் பத்து ஊசிகளில் நூல் கோத்து, ஒரு கம்பளித் துணித்துண்டில் வரிசையாகக் குத்தி, ஒவ்வொரு நூலையும் அதனதன் ஊசியைச் சுற்றி எட்டு வடிவில் சுற்றிக் கொண்டுபோவது. அவை தீர்ந்தபின் திருச்சியிலோ விழுப்புரத்திலோ வண்டி நிற்கும் நிமிடங்களில் மீண்டும் கோத்துக்கொள்ளலாம். ஒரே வகைக் கையூசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும், காதும் சிறுக்கும் என்பதை நினைவில் வைத்து, வீட்டில் பயன்படுத்துவதைவிட ஓர் எண் குறைந்த, சற்றுத் தடித்த ஊசியைப் பயணத்துக்குத் தேர்ந்தெடுப்பதும் உதவும்.

அறிகுறி: ஊசியைக் காணவில்லை

எழுந்திருக்காதீர்கள். எழுந்தால் மடியில் கிடக்கும் ஊசி இருக்கையின் இடுக்குக்குள்ளோ தரைக்கோ போய்விடும். முதலில் உங்கள் உடையை, அதன் மடிப்புகளை, பிறகு துணியை, பிறகு இருக்கையைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள், அவர் கையை ஊன்றும் இடத்தில் ஊசி இருக்கலாம். கைபேசி விளக்கைத் தரைக்கு மிகத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால் ஊசி மின்னும். ஒரு சிறிய காந்தத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இருக்கை இடுக்கின் மேல் மெல்ல நகர்த்தினால் பெரும்பாலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒரு முறை என்னுடைய ஊசி ஒன்று கிடைக்காமலேயே இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டது. அந்த இருக்கையில் அடுத்து அமரவிருந்த குடும்பத்தில் நடைபழகும் குழந்தை ஒன்று இருந்தது. அந்தத் தாயிடம் சொல்லிவிட்டே இறங்கினேன், ஆனாலும் மனம் ஆறவில்லை. அன்றிலிருந்து இரண்டு வழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். ஊசிகளை எண்ணிக் கொண்டுபோய், பையை மூடும்போது மீண்டும் எண்ணுகிறேன். நூல் இல்லாத ஊசியை ஒருபோதும் வெளியே எடுப்பதில்லை, ஏனெனில் முழ நீளச் சிவப்பு நூலோடு விழுந்த ஊசி கண்ணில் படாமல் போகாது.

அறிகுறி: தைத்த துணி, உடுத்தியிருக்கும் ஆடையோடு சேர்ந்துவிட்டது

நூலை இழுத்து வெளியேற்ற முயலாமல், உங்கள் ஆடையின் பக்கம் தெரியும் நூலை மட்டும் வெட்டிவிடுங்கள். மடியில் ஒரு கெட்டி அட்டையையோ பரீட்சை அட்டையையோ வைத்துக்கொண்டு தைத்தால் இது நேராது.

அறிகுறி: துணியில் வரைந்த பூ அழிந்துவிட்டது

என்ன கொண்டு வரைந்தீர்கள் என்பதைப் பொறுத்தது இது. தையல் சாக்கட்டியில் வரைந்தது பைக்குள் மடிந்து உரசியே போய்விடும். காற்றில் தானே மறையும் ஊதா மைப்பேனா ஓரிரு நாளில் மறைவதற்கென்றே செய்யப்பட்டது, கடலோர ஈரப்பதத்தில் இன்னும் விரைவாக மறையும். நான்கு நாள் பயணத்துக்கு அது பயன்படாது. இஸ்திரிச் சூட்டில் அழியும் வகைப் பேனாவின் மை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் நிறம் இழப்பது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் முன்கண்ணாடி அருகே பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது வெற்றுத் துணிதான் இருக்கும். இந்த மை மட்டும் கடுங்குளிரில் திரும்பத் தெரியும், ஆகவே துணியை ஓர் உறையில் இட்டுச் சில மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் கோடுகள் மீண்டும் புலப்படலாம். அதே காரணத்தால், வேலை முடிந்த துணியிலிருந்து தண்ணீரில் அலசி நீக்காத மை குளிர் நாட்டில் மறுபடி தலைகாட்டவும் கூடும்.

பயணத்துக்கு நம்பத்தக்கது பழைய முறைதான். ஊசியால் துளையிட்ட வரைதாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்துப் படியவைக்கும் அச்சு, எளிதில் உரசிப் போகாது. அதற்கு வசதியில்லாதவர்கள் மெல்லிய பென்சில் கோட்டையே வரைந்து, தையலால் முழுமையாக மூடிவிடலாம்.

அறிகுறி: துணியில் பழுப்புப் புள்ளி, இரத்தத் துளி, வளையத்தின் தடம்

பழுப்புப் புள்ளி ஊசியின் துரு. வியர்வை உப்பு பட்ட ஊசியை இரவு முழுவதும் துணியில் குத்தி வைத்ததால் வருவது. வெள்ளைப் பருத்தியானால் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து, வெயிலில் சிறிது நேரம் காட்டி, நன்றாக அலசினால் போகும். வண்ணத் துணியில் முதலில் மறைவான ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். குளோரின் கலந்த வெளுப்பானை மட்டும் தொடாதீர்கள், துருக்கறை இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொள்ளும்.

விரலில் குத்தி இரத்தம் பட்டால் அந்த நொடியே குளிர்ந்த தண்ணீரில் ஒற்றியெடுங்கள். தண்ணீர் கைக்கெட்டாத இடத்தில் உங்கள் உமிழ்நீரே போதும், உங்கள் இரத்தத் துளிக்கு அது நன்றாக வேலை செய்யும். வெந்நீர் இரத்தத்தின் புரதத்தைத் துணியோடு இறுக்கிவிடும். பயணத்தில் விரல் குத்துவது கூடுதலாக நேர்வதால், விரல் நுனியில் மாட்டும் உறையான அங்குஸ்தான் அணிந்து பழகுவது நல்லது. முதல் அரை மணி நேரம் இடைஞ்சலாகத் தோன்றும், பிறகு விரல் அதைத் தேடத் தொடங்கும்.

வளையத்தின் தடம், பூவேலைத் துணியை வளையத்தில் இறுக்கியபடியே நாட்கணக்கில் பையில் வைத்ததால் பதிவது, அதன் விளிம்பில் தூசியும் சேர்ந்துவிடும். வேலையை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். உண்மையில் பல வேலைகளுக்கு வளையமே தேவையில்லை. நீலகிரியில் தோடர் இனப் பெண்கள், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தங்கள் சிவப்பு கறுப்புப் பூவேலையை, வளையமும் இன்றி, வரைந்த கோடும் இன்றி, துணியின் இழைகளை விரலால் எண்ணியே செய்கிறார்கள்.

அறிகுறி: வீட்டுக்கு வந்து பார்த்தால் நிறம் மாறியிருக்கிறது

இரவு வண்டியின் விளக்கில் கருநீலமும் கறுப்பும், அரக்கும் மரநிறமும் ஒன்றுபோலவே தெரியும். இருட்டியபின் நிறம் தேர்ந்தெடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு, ஒரே நிறத்தில் நிரப்பும் பகுதிகளை மட்டும் தொடருங்கள். நூற்கட்டின் மேல் சுற்றியிருக்கும் தாள்பட்டையில் உள்ள எண்ணை அட்டையில் எழுதிக்கொண்டு போனால், விளக்கை நம்ப வேண்டியதில்லை. நூல் தீர்ந்து வழியில் வாங்க நேர்ந்தாலும் அந்த எண் கைகொடுக்கும். சாயமிடும் தொகுதிக்குத் தொகுதி ஒரே எண்ணிலும் சிறு வேறுபாடு இருக்கும் என்பதால், பரப்பு பெரிதானால் எல்லாக் கட்டுகளையும் ஒரே நேரத்தில் வாங்கிவிடுவதுதான் சரி.

அறிகுறி: விமான நிலையச் சோதனையில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது

அந்த இடத்தில் வாதிடுவதால் பயனில்லை, சோதனையிடும் அலுவலரின் முடிவே இறுதியானது. நேரம் இருந்தால் பதிவுப் பெட்டியில் சேர்க்க முடியுமா என்று விமான நிறுவனத்தின் முகப்பில் கேட்கலாம். அமெரிக்காவில் ஊசிகளும், திருகாணியிலிருந்து அளந்து 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தரிக்கோலும் கைப்பையில் அனுமதிக்கப்படுகின்றன. ஆனால் வட்டத் தகட்டுக்குள் கத்தி மறைந்திருக்கும் நூல்வெட்டி அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கத்தரிக்கோலின் எல்லை 6 சென்டிமீட்டர். திரும்பும் வழியில் வேறொரு நாட்டின் விதி குறுக்கிடும் என்பதால், விலைமதிப்புள்ள கத்தரிக்கோலை எப்போதும் பதிவுப் பெட்டியில் போட்டுவிடுங்கள். முழ நீளத்தில் முன்கூட்டியே வெட்டிய நூலும் ஒரு நகவெட்டியும் இருந்தால் விமானத்தில் வேறெதுவும் தேவைப்படாது. ஊசிகளை மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சிறு டப்பாவில் வைத்து, கேட்டால் உடனே திறந்து காட்டுங்கள்.

அறிகுறி: பையைத் திறக்காமலேயே திரும்பக் கொண்டுவந்தேன்

இது சோம்பல் அல்ல, தேர்வில் நேர்ந்த பிழை. அளவெடுக்க, வெட்ட, யோசிக்க, எண்ண வேண்டிய வேலையைப் பயணத்தில் எடுக்க மனம் வராது. கட்டம் எண்ணும் குறுக்குத் தையல் வேலையை எடுத்துச் செல்பவர்கள் பக்கத்து இருக்கையின் முதல் கேள்விக்கே எண்ணிக்கையைத் தவறவிடுகிறார்கள். அதற்கு மருந்து, பத்துக்குப் பத்துக் கட்டங்களாக வேறு நிற நூலால் வீட்டிலேயே ஓட்டுத் தையல் போட்டுக்கொள்வது. அதற்கும் நேரமில்லையென்றால் அந்த வேலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெட்டி மடித்த அறுகோணத் துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைப்பது, பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவது, ரவிக்கைகளுக்குக் கொக்கி வைப்பது போன்றவை, எந்த நிமிடத்திலும் எடுத்து எந்த நிமிடத்திலும் நிறுத்தக்கூடியவை. ஒரு பயணத்துக்கு ஒரு வேலை போதும். அதற்குரிய துணி, நூல், ஊசி, நகவெட்டி எல்லாவற்றையும் ஒரே உறையில் இட்டு, முதல் நான்கைந்து தையல்களை வீட்டிலேயே தைத்து, ஊசியை அடுத்த தையலுக்குரிய இடத்தில் குத்தி வைத்துப் புறப்படுங்கள்; இரவு தங்கும் இடத்தில் மட்டும் மறக்காமல் அதை எடுத்துக் கம்பளித் துண்டுக்கு மாற்றிவிட வேண்டும்.